மூச்சக்காவின் சாவுச் சம்பளம்

மூச்சக்காவின் வீட்டில் எந்தச் சாமானைக் காட்டி இது எப்போது வாங்கியது என்று கேட்டாலும் அவர் வருஷத்தைச் சொல்ல மாட்டார். செத்த கதையைத்தான் சொல்வார்.

“இந்த ஃபேனா? ஆத்துல விழுந்து செத்தேனே, அதுல வந்தது.”

“ஃப்ரிட்ஜ்?”

“விஷம் குடிச்சது. கொஞ்சமாவா இழுத்தாங்க, ரெண்டு நாள் படுத்தேன். அதான் பெரிய ஃப்ரிட்ஜ்.”

சுவர்க் கடிகாரம் ரயில் விபத்து. தையல் மிஷின் விஷக் காய்ச்சல். மகள் படித்த படிப்பு மட்டும் ஒரு சாவில் அடங்கவில்லை. “உன்னைப் படிக்க வைக்க நான் எத்தனை தடவை செத்திருக்கேன் தெரியுமாடின்னு எல்லா அம்மாவும்தான் கேக்குறாங்க. நான் கேட்டா அதுக்குக் கணக்கு இருக்கு” என்பார். சொல்லிவிட்டுத் தானே முதலில் சிரிப்பார். முன்பல் ஒன்று லேசாக மடங்கியிருக்கும். அந்தச் சிரிப்பைப் பார்த்தால் கோபமாக வந்தவர்களும் உட்கார்ந்து ஒரு டீ குடித்துவிட்டுத்தான் போவார்கள்.

நான் அதே ஸ்டூடியோவில் உடுப்பு அறையில் வேலை பார்க்கிறேன். நடிக்கிறவர்களின் துணிகளைத் துவைத்து, தேய்த்து, எந்தக் காட்சிக்கு எது என்று பிரித்து மாட்டி வைப்பது என் பாடு. பிணத்துக்கும் நான்தான் உடுத்தி விடுவேன். போதாததற்கு எங்கள் இருவர் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அதனால் அக்கா செத்ததையும் பார்த்திருக்கிறேன், வாழ்ந்ததையும் பார்த்திருக்கிறேன்.

படத்தில் அவர் பெயர் வந்ததே இல்லை. ஆனால் சின்ன வேஷக்காரர்களில் அக்காவைப் போல ஒழுங்காகச் சம்பாதித்தவர்கள் குறைவு. எங்கள் தொழிலில் கூட்டத்தோடு நின்றால் ஒரு கூலி. ஒரு வரியாவது வசனம் பேசினால் ஒன்றரைக் கூலி. பிணமாகப் படுத்தால் இரட்டைக் கூலி. கண்ணைத் திறந்தபடி செத்துக் கிடந்தால் அதற்கு மேல் பேசி வாங்கிக்கொள்ளலாம். இதில் பெரிய விஷயம் கூலி கூட இல்லை, கைக்கு வருகிற நேரம். மற்றவர்கள் எல்லாம் செருப்புத் தேய ஆபீசுக்கு நடந்து பணம் வாங்க வேண்டும். பிணத்துக்கு மட்டும் அன்றைக்கே, முகத்து மாவைக் கழுவுவதற்கு முன்பே கையில் கொடுத்துவிடுவார்கள். செத்தவர்களுக்குப் பாக்கி வைத்தால் படம் ஓடாது என்று முதலாளிமார்களுக்கு ஒரு பயம்.

இன்னொரு வழக்கமும் உண்டு. சாகிற காட்சி முடிந்ததும் கேமராவை அப்படியே ஓடவிட்டு, செத்தவரை எழுப்பி உட்கார வைத்துச் சிரிக்கச் சொல்வார்கள். அதற்குச் சிரிப்பு ஷாட் என்று பெயர். நடிப்புக்குச் செத்தது நிஜமாகிவிடக் கூடாது, கேமரா கடைசியாகப் பார்த்தது உயிருள்ள முகமாக இருக்கட்டும் என்று யாரோ ஆரம்பித்து வைத்தது. படத்தில் அது வராது. வெட்டித் தூரப் போட்டுவிடுவார்கள். ஆனாலும் அதை எடுக்காமல் யாரும் கேமராவை மூட மாட்டார்கள்.

அக்கா நடிக்க வந்ததே நடிப்புக்காக இல்லை. கணவர் விட்டுவிட்டுப் போன பிறகு, ஸ்டூடியோவுக்குச் சாப்பாடு தூக்கிக்கொண்டு வரும் வேலை பார்த்தார். கைக்குழந்தை முதுகில், சாப்பாட்டு அடுக்கு இரண்டு கையிலும். ஒரு நாள் பிணமாகப் படுக்க வந்த அம்மாள், வெள்ளைத் துணியைப் பார்த்ததும் பயந்து கழிவறைப் பக்கமாக ஓடிவிட்டாள். மேனேஜர் சுற்றுமுற்றும் பார்த்தார். சாப்பாடு வைத்துவிட்டு நின்ற அக்காவைப் பிடித்து, “சும்மா படும்மா, ஒண்ணும் பண்ண வேண்டாம்” என்றார். குழந்தையை என் மடியில் போட்டுவிட்டு அக்கா படுத்தார். சுற்றி எல்லோரும் கதறினார்கள். அக்காவின் இமை கூட அசையவில்லை. டைரக்டர் அசந்துபோய், யார் இந்தம்மா, எந்த நாடகத்தில் நடித்தவர் என்று விசாரித்தார்.

“நான் எங்க நடிச்சேன்? விடியறதுக்கு முன்னாடி எழுந்து நூறு பேருக்குச் சமைச்சிட்டு வந்த உடம்பு. படுன்னு ஒருத்தர் சொன்னதே பெரிசு. தூங்கிட்டேன்” என்று அக்கா பிறகு என்னிடம் சொன்னார்.

அது முதல் தடவைக்குத்தான். அதன் பிறகு அவர் அதை ஒரு வித்தையாகவே கற்றுக்கொண்டார். நெஞ்சை அசைக்காமல் அடிவயிற்றில் மட்டும் மூச்சை நிறுத்தி நிறுத்தி விடுவார். மூடிய இமைக்குள்ளே பார்வையைக் கீழ்ப்பக்கம் தள்ளி வைத்துக்கொள்வார், அப்போதுதான் விழி உருளாது. பிணத்துக்கு வேர்க்கக் கூடாதே, அந்த விளக்குச் சூட்டில் உள்ளங்கையில் ஐஸ் துண்டை மூடிக்கொண்டு படுப்பார். கண் திறந்த பிணம் என்றால் எங்காவது ஓர் ஆணியைக் கண்ணால் பிடித்துக்கொள்வார், பார்வை அதை விட்டு நகராது. ஒரு முறை ஈ ஒன்று அவர் உதட்டில் உட்கார்ந்து, மூக்குக்கு ஏறி, நெற்றியில் உலாத்திவிட்டுப் போனது. பார்த்துக்கொண்டிருந்த எனக்கு முகமெல்லாம் அரித்தது. அக்கா கிடந்தது கிடந்தபடி.

நான் தினமும் கண்ணை மூடிக் கடவுளை நினைக்கிறவள். என் மனசு ஒரு நிமிஷம் ஓரிடத்தில் நிற்காது, சோப்புக்கும் இஸ்திரிப் பெட்டிக்கும் ஓடிவிடும். இந்த மனுஷி எந்த ஜபமும் தெரியாமல் உடம்பையே நிறுத்தி வைக்கிறாரே என்று ஒவ்வொரு தடவையும் எனக்குக் கை தானாகக் கூம்பும். மூச்சக்கா என்ற பெயர் அப்படி வந்ததுதான்.

இந்தப் பிழைப்பில் அக்காவுக்கு ஒரே ஒரு முள். அது அவர் மகள்.

மகளுக்கு ஆறு வயசு இருக்கும்போது எதிர் வீட்டார், பாவம் பிள்ளை என்று சினிமாவுக்குக் கூட்டிப் போனார்கள். என்ன படம் என்று அவர்களுக்கும் தெரியாது. திரையில் அம்மாவைப் போர்த்தித் தூக்கிக்கொண்டு போனதைப் பார்த்து அந்தக் குழந்தை போட்ட கூச்சலில் படத்தையே நிறுத்திவிட்டார்கள். வீட்டுக்கு வந்து அக்கா மடியில் போட்டுக்கொண்ட பிறகும் அடங்கவில்லை. அன்று முதல் அம்மா கண் அசந்தால் போதும், மகள் ஓசைப்படாமல் வந்து அம்மாவின் மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்ப்பாள். சூடாக மூச்சு பட்டால்தான் போவாள்.

அக்கா அதை விளையாட்டாக்கினார். விரல் வரும்வரை காத்திருந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, திடீரென்று லபக்கென்று விரலைக் கவ்வுவார். பிள்ளை அலறும், பிறகு சிரிக்கும். சுவருக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்கும். ஆனால் மகள் அதற்குப் பிறகு ஒரு படம் கூடப் பார்த்ததில்லை. வளர்ந்து, படித்து, ஒரு மருந்துக் கடையில் வேலைக்குப் போய், கல்யாணமும் ஆகிவிட்டது. அம்மாவின் தொழிலைப் பற்றி அந்த வீட்டில் பேச்சு எடுக்க மாட்டாள்.

அவள் பிள்ளை உண்டானபோது அம்மாவிடம் ஒன்றே ஒன்று கேட்டாள். “எனக்குக் குழந்தை பிறக்குற வரைக்கும் சாகாதம்மா. கூட்டத்துல நில்லு, வசனம் பேசு, என்ன வேணா பண்ணு. படுக்க மட்டும் படுக்காத.”

அக்கா சரி என்றார். மனசாரத்தான் சொன்னார். ஒரு கூலிக்குக் கூட்டத்தில் போய் நின்றார். அப்போதுதான் அந்தப் பெரிய படம் வந்தது. கதாநாயகரின் தாய். உயிரோடு ஒரு காட்சியும் கிடையாது. மகன் ஊரிலிருந்து ஓடி வருகிறான், தாய் கண் திறந்தபடி கிடக்கிறாள், அவன் அழுது முடித்துத் தன் உள்ளங்கையால் அந்தக் கண்களை மூடுகிறான். மேனேஜர் சொன்ன சம்பளம் பத்துச் சாவுக்குச் சமம்.

அக்கா என்னிடம் கேட்டார். “மரத் தொட்டில் ஒண்ணு பாத்து வச்சிருக்கேன். நல்ல தேக்கு, பக்கத்துல கிளி செதுக்கியிருக்கு. ஒரு தடவை செத்தா வந்துடும். சொல்லு, சாகவா வேண்டாமா?”

“மகள்கிட்ட வாக்குக் குடுத்திருக்கீங்களேக்கா.”

“தொட்டிலைக் கொண்டு போய் வச்சிட்டுச் சொல்லிக்கலாம். கிளியைப் பாத்தா கோபம் போயிடும்.”

காலையிலிருந்து படம் பிடித்தார்கள். கதாநாயகருக்கு அழுகை வரவே இல்லை. தண்ணீர் விட்டுப் பார்த்தார்கள், மருந்து விட்டுப் பார்த்தார்கள், எதிலும் அது அழுகையாக இல்லை. ஒவ்வொரு தடவையும் அக்கா கண்ணைத் திறந்து கூரையில் ஒரு விளக்குக் கொக்கியைப் பார்த்தபடி கிடந்தார். கண் சிவந்துவிடும், சொட்டு மருந்து போட்டுக்கொண்டு மறுபடி கிடப்பார். ஒரு வார்த்தை முனகவில்லை. கடைசியில் அந்தப் பெரிய மனுஷர் அந்தக் கண்களுக்கு நேராகக் குனிந்தார். குனிந்தவர் வசனத்தை விட்டுவிட்டார். தன் சொந்த அம்மாவைக் கூப்பிடுவது போல ஒரே ஒரு சொல் கூப்பிட்டார். பிறகு உடம்பு குலுங்க அழுதார். அவர் கை அக்காவின் முகத்தின் மேல் வந்தபோது எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. இல்லாத ஒருத்தியை அக்கா அவருக்கு முன்னால் கிடத்திக் காட்டிவிட்டார் என்று தோன்றியது.

டைரக்டர் கட் சொன்னதும் மொத்த இடமும் கைதட்டியது. விளக்குப் பிடித்தவர்கள் மேலேயிருந்து இறங்கி வந்து தட்டினார்கள். கேமராக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு கதாநாயகரைக் கட்டிக்கொண்டார். அந்த ஆரவாரத்திலேயே கேமராவை மூடிவிட்டார்கள். சிரிப்பு ஷாட் ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை. அக்கா தானே எழுந்து, தானே மாவைக் கழுவி, பணத்தை வாங்கிக்கொண்டு பஸ் ஏறினார்.

மறுநாள் மகள் வீட்டுக்குத் தொட்டிலோடு போனோம். நானும் ஒரு பக்கம் பிடித்திருந்தேன். மாப்பிள்ளை கிளியைத் தடவிப் பார்த்துச் சந்தோஷப்பட்டார். மகளும் தொட்டிலை ஆட்டிப் பார்த்தாள். அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்து அக்காவுக்குத் தைரியம் வந்துவிட்டது. செத்த கதையை எடுத்துவிட்டார். கதாநாயகர் அழுததை, தானே அழுது காட்டினார். அந்த ஜோரில், “கைதட்டின சத்தத்துல என்னைச் சிரிக்க வைக்கவே மறந்துட்டானுங்க, பாத்துக்கோ” என்றும் சொல்லிவிட்டார்.

மகள் தொட்டிலை விட்டுக் கையை எடுத்தாள். அது மட்டும் தானே ஆடிக்கொண்டிருந்தது.

“சிரிக்கலையா?”

“சும்மா ஒரு பழக்கம்டி அது. சிரிக்காட்டி என்ன, இதோ உன் முன்னாடி நிக்கலையா?”

“சாகாதன்னு சொன்னேன். செத்துட்டு வந்திருக்க. செத்ததும் அரைகுறையா செத்துட்டு வந்திருக்க.” அவள் குரல் உயரவே இல்லை. “இதைத் தூக்கிட்டுப் போ. இதுல என் பிள்ளையைப் போட மாட்டேன்.”

“கண்ணு, கோபத்துல பேசாத.”

“கோபம் இல்ல, பயம். முதல்ல போய்ச் சிரிச்சிட்டு வாம்மா. அதுக்கப்புறம் இந்த வீட்டுக்கு வா, பிரசவத்துக்கும் வா.”

“சரி, இன்னைக்கே போய்...”

“போய்ட்டு வந்து சிரிச்சேன்னு சொல்லிடுவ. நீ நடிகை. நான் என் கண்ணால பாக்கணும்.”

தொட்டிலைத் திரும்பத் தூக்கி வந்து அக்கா வீட்டில் ஃபேனுக்குக் கீழே இறக்கி வைத்தோம். “பயமாம். எனக்குப் பிறந்தது எனக்கே பயப்படுது” என்று மட்டும் சொன்னார். அன்று சுவருக்கு அந்தப் பக்கம் வெகுநேரம் தையல் மிஷின் வெறுமனே ஓடிக்கொண்டிருந்தது. நான் எனக்குத் தெரிந்ததைச் செய்தேன். அம்மாவையும் பிள்ளையையும் பிரித்து வைக்காதே ஆண்டவனே என்று வேண்டிக்கொண்டேன்.

அக்கா போய் விஷயத்தைச் சொன்னதும் மேனேஜர் சிரித்துவிட்டார். “ஒரு சிரிப்புக்காகக் கேமரா, லைட்டு, ஆளு எல்லாம் வரணுமா? அந்த செட்டையே பிரிச்சாச்சுக்கா. நீங்க செத்த கட்டிலுக்கு பெயின்ட் அடிச்சு இப்ப ஆஸ்பத்திரி கட்டிலாக்கிட்டோம்.”

“கட்டில் உயிரோட இருக்குல்ல, அது போதும்” என்றார் அக்கா.

விஷயம் கேமராக்காரர் காதுக்குப் போனது. அவர் முகம் வெளுத்துவிட்டது. “நான்தான் மூடினேன். எத்தனை வருஷமா தொழில் பண்றேன், இப்படி மூடினதே இல்ல” என்றார். நேராக டைரக்டரிடம் போனார். அடுத்த வாரம் அதே படத்துக்கு விட்டுப்போன துண்டுகளை எடுக்கும் நாளில், மதியச் சாப்பாட்டு நேரத்தில் எடுத்துவிடலாம் என்று முடிவாயிற்று. சாப்பாட்டு நேரம் என்றால் யாரையும் வேலை வாங்க முடியாது. ஆனால் அன்று ஒருவரும் சாப்பிடப் போகவில்லை. விளக்குக்காரர்கள் தாங்களாகவே மேலே ஏறி நின்றார்கள். நான் அதே வெள்ளை உடையைத் தேய்த்து, அன்று எந்தப் பக்கம் கசங்கியிருந்ததோ அந்தப் பக்கம் கசக்கி உடுத்திவிட்டேன்.

மகள் வந்தாள். மாப்பிள்ளை கையைப் பிடித்துக்கொண்டு, வயிற்றைத் தாங்கியபடி, தரையில் கிடந்த கம்பிகளைப் பார்த்துப் பார்த்துக் கால் வைத்து வந்தாள். அம்மா வேலை செய்கிற இடத்துக்கு அவள் வந்தது, முதுகில் தொங்கிக்கொண்டு வந்த காலத்துக்குப் பிறகு அதுதான் முதல் தடவை. கதாநாயகர் எழுந்து தன் நாற்காலியை அவளுக்குக் கொடுத்தார். அக்காவிடம், “அன்னைக்குக் கைதட்டு பூரா எனக்கு வந்துடுச்சும்மா. உங்க சிரிப்பை நான்தான் முழுங்கிட்டேன்” என்றார்.

அக்கா கட்டிலில் உட்கார்ந்தார். கேமரா ஓடியது. சிரித்தார். பல் தெரிந்தது, அவ்வளவுதான்.

“அக்கா, இது அடையாள அட்டைக்கு எடுக்கிற சிரிப்பு” என்றார் கேமராக்காரர்.

மறுபடி முயன்றார். கன்னம் நடுங்கியது. மேலேயிருந்து ஒரு விளக்குக்காரர் ஏதோ கோமாளித்தனம் பண்ணிக் காட்டினார். அதற்கும் வரவில்லை. அக்கா மகளைப் பார்த்தார், மகள் தலையைக் குனிந்துகொண்டாள். ஈ ஊர்ந்தாலும் அசையாமல் கிடக்கத் தெரிந்தவருக்கு, வாய்விட்டு ஒரு சிரிப்பு வரவில்லை.

டைரக்டர் மெதுவாகச் சொன்னார். “உட்கார்ந்து சிரிச்சா வராதும்மா. நீங்க எப்பவும் செத்துட்டுத்தானே சிரிப்பீங்க. படுங்க.”

அக்கா படுத்தார். கண்ணை மூடினார். இரண்டு மூச்சு தெரிந்தது, மூன்றாவது தெரியவில்லை. முகத்திலிருந்த கவலை, வெட்கம், நாள்பட்ட அலுப்பு எல்லாம் ஒவ்வொன்றாக இறங்கிப் போயின. யாரோ விளக்கை அணைத்துக்கொண்டே போவது போல இருந்தது. எத்தனையோ தடவை பார்த்த எனக்கே அன்று பயம் வந்தது.

மகள் நாற்காலியை விட்டு எழுந்தாள். மாப்பிள்ளை தடுக்கப் போனார், கேமராக்காரர் கையைக் காட்டி நிறுத்தினார். அவள் விளக்கு வெளிச்சத்துக்குள்ளே நடந்து போனாள். கட்டிலின் ஓரத்தில் ஒரு கையை ஊன்றி, சிரமப்பட்டுக் குனிந்து, அம்மாவின் மூக்குக்குக் கீழே ஒரு விரலை வைத்தாள். ஆறு வயசில் வைத்த அதே விரல்.

மூச்சு இல்லை. அவள் உதடு பிதுங்க ஆரம்பித்தது. “அம்மா” என்றாள்.

லபக்.

அவள் போட்ட அலறலில் மேலே ஒருவர் கம்பியைப் பிடித்துக்கொண்டார். விரல் அக்காவின் பல்லுக்கு நடுவில் இருந்தது. அப்புறம் அந்த மடங்கின பல் தெரிய அக்கா சிரித்தார். மகள் அம்மாவின் தோளில் ஓங்கி ஓர் அடி போட்டாள், அடித்துக்கொண்டே தானும் சிரித்தாள், சிரிப்பில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கட்டிலிலேயே உட்கார்ந்துவிட்டாள். “சனியனே, இன்னும் விடலையா நீ இந்தப் பழக்கத்தை” என்றாள். “நீ விட்டியா?” என்றார் அக்கா. போதும் போதும் என்று மேனேஜர் கைகாட்டினார். கேமராக்காரர் காதில் வாங்கவில்லை. அவர்கள் இருவரும் களைத்துப்போய் ஒருவர்மேல் ஒருவர் சாய்கிற வரைக்கும் ஓடவிட்டார்.

மகள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே சொன்னாள். “சினிமால உன்னைத் தூக்கிட்டுப் போறதோட முடிச்சிட்டாங்கம்மா. எழுந்ததைக் காட்டவே இல்ல.”

“காட்டுனா எவன் அழுவான்?” என்றார் அக்கா.

செத்தவர் எழுந்ததை நான் வேதப் புத்தகங்களில் படித்திருக்கிறேன். கண்ணால் பார்த்தது அன்றுதான். அது வெறும் நடிப்பு என்பதும் எனக்குத் தெரியும், உடுத்திவிட்டதே நான்தானே. ஆனாலும் அந்த வெளிச்சத்தில் அந்த முகத்துக்கு உயிர் திரும்பி வந்ததைப் பார்த்தபோது, நான் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு நின்றேன். பக்கத்தில் நின்ற மேனேஜரும் என்னைப் பார்த்துக் கழற்றினார். ஏன் என்று அவர் கேட்கவில்லை.

அந்தத் துண்டு படத்தில் வராது. வெட்டிப் போட்டிருப்பார்கள்.

தொட்டிலை மறுபடி தூக்கிக்கொண்டு போனோம். பெண் குழந்தை பிறந்தது, அக்காதான் கூடவே இருந்தார். குழந்தையைப் பார்க்க வந்த மருந்துக் கடை முதலாளியம்மா கிளியைத் தொட்டுப் பார்த்து, எங்கே வாங்கினீர்கள், என்ன விலை என்று கேட்டார்.

“எங்கம்மா சிரிச்சதுல வந்தது” என்றாள் மகள்.

சமையலறையிலிருந்து அக்காவின் குரல் வந்தது. “பொய் சொல்லாதடி. சிரிப்புக்கு ஏது கூலி? தொட்டில் செத்ததுல வந்தது. சிரிச்சது நான் சும்மா குடுத்தது.”